கிராமத்துக் காய்ச்சல் நம் மாடித் தொட்டிக்கு வந்த கதை

இந்தக் கட்டுரையை நீங்கள் போனில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதே போனில் டார்ச் இருக்கிறது அல்லவா? படித்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு முறை மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள். எதற்கு என்று கடைசியில் உங்களுக்கே புரிந்துவிடும்.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் அக்கா ஒருவர் வந்தார். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பழைய டயர் எல்லாவற்றையும் பார்த்தார். எதிலும் தண்ணீர் இல்லை. "எங்க வீடு சுத்தம்க்கா" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் மாடிப்படி ஏறினார்.

மேலே தண்ணீர்த் தொட்டியின் மூடி எப்போதோ உடைந்திருந்தது. யாரோ ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைப் போட்டு, அதன்மேல் செங்கல்லை வைத்திருந்தார்கள். அக்கா அதை விலக்கி டார்ச் அடித்தார். கண்ணாடி போல சுத்தமான தண்ணீர். அதன் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குச்சிகள் மாதிரி ஏதோ மிதந்தன.

"டெங்கு கொசுவாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. டெங்கு புழு தலைகீழா தொங்கும். இது தண்ணி மேல படுத்துக்கிட்டு இருக்கு பாரு. இது மலேரியா கொசு."

எனக்கு நம்ப முடியவில்லை. மலேரியா என்றால் காடு, மலை, வயல்வெளி என்றுதான் பள்ளிப் பாடத்தில் இருந்து மனதில் பதிந்திருந்தது. நகரத்தின் நடுவில், மூன்றாவது மாடிக்கு மேல், நாங்கள் பல் தேய்க்கும் தண்ணீரில் அது எப்படி வந்தது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பாடம்.

முதலில், மலேரியா என்றால் என்ன?

மலேரியா ஓர் ஒட்டுண்ணி நோய். பிளாஸ்மோடியம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிதான் காரணம். நம் நாட்டில் அதிகம் காணப்படுபவை இரண்டு வகைகள்: வைவாக்ஸ், ஃபால்சிபாரம்.

நோய் உள்ள ஒருவரை அனாபெலஸ் வகைப் பெண் கொசு கடிக்கும்போது, ரத்தத்துடன் ஒட்டுண்ணியும் கொசுவுக்குள் போகிறது. அங்கே சில நாட்கள் வளர்ந்து, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. அதன்பின் அந்தக் கொசு யாரைக் கடித்தாலும் ஒட்டுண்ணி அவர் உடலுக்குள் போய்விடும். முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகும். பிறகு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். அப்போதுதான் குளிர், நடுக்கம், காய்ச்சல், வியர்வை எல்லாம் வரும். கடித்த நாளில் இருந்து காய்ச்சல் வரப் பொதுவாகப் பத்துப் பதினைந்து நாட்கள் ஆகலாம்.

மலேரியா ஒட்டுண்ணி மனிதனுக்குக் கொசு மூலம்தான் வருகிறது என்ற முடிச்சை அவிழ்த்தவர் ரொனால்டு ராஸ். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் அனாபெலஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் அவர் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினமாக நினைவுகூரப்படுவது இதனால்தான்.

கிராமத்து நோய் என்று பெயர் வந்தது ஏன்?

அனாபெலஸ் கொசுவில் பல இனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் முட்டையிட ஒவ்வொரு விதமான தண்ணீரைத் தேடும். இந்தியக் கிராமங்களில் மலேரியாவை அதிகம் பரப்புவது அனாபெலஸ் குலிசிஃபேசிஸ். வாய்க்கால், ஆற்றுப் படுகையில் தேங்கும் குட்டை, வயல் ஓரத்துத் தண்ணீர் இதற்குப் பிடிக்கும். மலையடிவாரத்து ஓடைகளில் அனாபெலஸ் ஃபுளூவியாடிலிஸ் வளரும். சாக்கடை கலந்த நகரத்துத் தண்ணீர் இவற்றுக்கு ஒத்துவராது. அதனால் ஊருக்கு வெளியே மலேரியா, ஊருக்குள் மற்ற கொசுக்கள் என்று ஒரு பொதுவான எண்ணம் உருவானது.

இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிய கொசுவின் பெயர் அனாபெலஸ் ஸ்டீபன்சி. 1901-இலேயே பெயர் சூட்டப்பட்ட பழைய கொசுதான். இதற்கு வயலும் வேண்டாம், வாய்க்காலும் வேண்டாம். மாடித் தொட்டி, நிலத்தடி சம்ப், கிணறு, டிரம், கட்டட வேலை நடக்கும் இடத்தில் தேக்கி வைத்த தண்ணீர் போதும். அதாவது மனிதன் தன் தேவைக்குச் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் இதன் பிரசவ அறை.

மும்பையில் மலேரியா ஏன் வருகிறது என்று ஆராய்ந்த சி.ஏ. பெண்ட்லி 1911-இல் கொடுத்த அறிக்கை, வீட்டுக் கிணறுகளையும் தொட்டிகளையும்தான் சுட்டிக்காட்டியது. ஆக, நகர மலேரியா நம் நாட்டுக்குப் புதிதல்ல. நாம்தான் மறந்துவிட்டோம்.

மறந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கிராமங்களில் வீடு வீடாக டி.டி.டி. மருந்து அடித்தார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேரைத் தாக்கிய நோய், 1960-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கும் கீழே இறங்கியது. கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். நகரங்களில் இருந்த தொட்டிகளும் கிணறுகளும் அப்படியே இருந்தன. பூச்சிமருந்தைத் தாங்கும் கொசுக்களும் உருவாயின. 1976-இல் நாடு முழுவதும் பாதிக்கப்பட்டவர்கள் 64 லட்சம். இதற்கு நடுவே, நகரங்களுக்கென்றே தனியாக நகர மலேரியா திட்டம் 1971-இல் கொண்டுவரப்பட்டது. நம் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கும் பணியாளர்களின் வேலைக்கு இப்படி ஒரு நீண்ட பின்னணி இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகள் மலேரியா பாதிப்பில் பெரும்பங்கு சென்னை நகரத்தில்தான் இருந்தது.

கடல் தாண்டிப் போன கொசு

தொட்டியில் நாலு புழு இருந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறீர்களா? ஆப்பிரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள்.

ஆப்பிரிக்காவில் மலேரியா பெரும்பாலும் கிராமங்களின் நோய். அங்கே அதைப் பரப்பும் காம்பியே போன்ற கொசுக்கள் மழைநீர்க் குட்டைகளிலும் வயல்களிலும் வளர்பவை. மழை நின்றால் கொசுவும் குறையும், காய்ச்சலும் குறையும். நகரங்கள் ஓரளவு பாதுகாப்பாக இருந்தன.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜிபூட்டி என்ற சின்ன நாடு இருக்கிறது. மொத்த மக்கள்தொகை சுமார் பத்து லட்சம். மலேரியாவை ஒழிக்கும் நிலைக்கு மிக அருகில் வந்திருந்த நாடு அது. 2012-இல் அங்கே பதிவான நோயாளிகள் வெறும் 27 பேர். அதே ஆண்டில்தான் அந்த நாட்டின் துறைமுகத் தலைநகரில் ஒரு புதிய கொசு கண்டுபிடிக்கப்பட்டது. அது நம்ம ஊர் ஸ்டீபன்சி! தெற்காசியாவும் அரேபியப் பகுதியும்தான் இதன் பூர்வீகம். சரக்குகளுடன் கப்பல் ஏறிப் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2020-இல் ஜிபூட்டியில் பதிவான மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 73,000-ஐத் தாண்டியது. இந்த ஏற்றத்துக்கு ஸ்டீபன்சி முக்கியக் காரணமாகப் பார்க்கப்படுகிறது.

அடுத்து எத்தியோப்பியா. ஜிபூட்டிக்குச் செல்லும் ரயில் பாதையில் டிரே டாவா என்று ஒரு நகரம் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் மே வரை, அதாவது மலேரியா குறைந்திருக்க வேண்டிய வறண்ட மாதங்களில், அங்கே சுமார் 2,400 பேர் நோயில் விழுந்தார்கள். 2019-இல் அதே மாதங்களில் பாதிக்கப்பட்டவர்கள் 205 பேர்தான். ஆய்வாளர்கள் நோயாளிகளின் வீடுகளைச் சுற்றித் தேடினார்கள். தண்ணீர் சேர்த்து வைக்கும் தொட்டிகளில் ஸ்டீபன்சி புழுக்கள் இருந்தன. பிடிபட்ட கொசுக்களில் மலேரியா ஒட்டுண்ணியும் இருந்தது.

வறண்ட காலத்தில் ஏன் நோய் கூடியது? தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? நாம் செய்வதைத்தான். இருக்கிற குடம், டிரம், தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். வெளியே குட்டைகள் காய்ந்தாலும் வீட்டுக்குள் கொசுவுக்குக் குளம் தயார். கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா என்று இந்தக் கொசு இப்போது பல நாடுகளில் கண்டறியப்பட்டுவிட்டது. ஆப்பிரிக்க நகரங்களில் கூடுதலாக 12.6 கோடிப் பேர் மலேரியா அபாயத்துக்கு உள்ளாகலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. 2022 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதைத் தடுப்பதற்கென்றே தனி முயற்சியைத் தொடங்கியது.

பக்கத்தில் இலங்கையையும் சொல்ல வேண்டும். மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டம்பரில் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார் பகுதியில் ஸ்டீபன்சி கொசு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நோயை ஒழித்த நாடும் கிணறுகளையும் தொட்டிகளையும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை.

நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

தொட்டி மூடியைத் திறந்து, தண்ணீரின் மேற்பரப்பில் சாய்வாக டார்ச் அடியுங்கள். முக்கியமாக ஓரங்களைப் பாருங்கள்.

• புழு தண்ணீரின் மேல்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அது அனாபெலஸ், அதாவது மலேரியா பரப்பும் கொசு இனம்.

• வால் மேலேயும் தலை கீழேயுமாகத் தொங்கினால் அது ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். ஏடிஸ்தான் டெங்குவைப் பரப்புவது.

• வளர்ந்த கொசு சுவரில் உட்காரும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. அனாபெலஸ் வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். மற்றவை சுவருக்கு இணையாக உட்காரும்.

எந்தப் புழுவாக இருந்தாலும் விடக்கூடாது. பெயர் தெரிந்தால் பயம் தெளியும், அவ்வளவுதான்.

முட்டை கொசுவாக மாற, நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எப்படி மூடுவது?

மாடித் தொட்டி: மூடி இருந்தால் மட்டும் போதாது, இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். தண்ணீர் வழியும் குழாயின் வாயையும் காற்றுக் குழாயையும் கொசுவலைத் துணியால் கட்டிவிடுங்கள். பலரும் கவனிக்காமல் விடும் வாசல் இதுதான்.

சம்ப்: இரும்பு மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கிணறு: கொசுவலை அடித்த மூடி போடலாம். பயன்படுத்தாத கிணறாக இருந்தால் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடச் சொல்லி உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். இந்த மீன்கள் கொசுப்புழுக்களைத் தின்னும். ஏரி, குளத்தில் நீங்களாகக் கொண்டுபோய் விட வேண்டாம். அங்கிருக்கும் நம் ஊர் மீன்களுக்கு அது ஆபத்து.

டிரம், குடம்: வாரம் ஒரு முறை முழுவதும் காலி செய்து, உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு மீண்டும் நிரப்புங்கள்.

கட்டட வேலை நடக்கும் இடம்: கான்கிரீட் இறுகுவதற்காகத் தளத்தில் பாத்தி கட்டித் தேக்கும் தண்ணீர், லிஃப்ட் குழி, சிமெண்ட் தொட்டி மூன்றும் முக்கியம். வீடு கட்டுகிறீர்கள் என்றால் மேஸ்திரியிடம் வாரம் ஒரு முறை தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு மூடி ஏன் அத்தனை நாள் உடைந்தே கிடந்தது தெரியுமா? ஓனர் மாற்றுவார் என்று நாங்கள் நான்கு குடித்தனக்காரர்களும் நினைத்தோம். யாராவது சொல்லுவார்கள் என்று ஓனர் நினைத்தார். புது மூடி வந்தபோது செலவு ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் அளவுகூட இல்லை. பொதுத் தொட்டி என்றால் பொதுவாக யாருடையதும் இல்லை என்று ஆகிவிடுகிறது. உங்கள் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் இந்த வாரம் யார் தொட்டி பார்ப்பது என்று ஒரு முறை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

காய்ச்சல் வந்தால்?

"காய்ச்சல்தானே, மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டா சரியாயிடும்." இந்த வசனத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும், ஒட்டுண்ணியைக் கொல்லாது. மலேரியாவா என்று ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்ப்பார்கள். விரைவுப் பரிசோதனைக் கருவி என்றால் இருபது நிமிடத்துக்குள் முடிவு தெரிந்துவிடும்.

கடந்த சில வாரங்களில் வெளியூர், வெளிமாநிலம், வெளிநாடு போய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குழப்பமான பேச்சு, வலிப்பு, மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல், சிறுநீர் மிகவும் குறைவது இவற்றில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஃபால்சிபாரம் வகை மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியது.

பதினாலு நாள் மாத்திரை ஏன்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வைவாக்ஸ் மலேரியாவுக்கு வழக்கமாக மூன்று நாள் குளோரோகுயினும், பதினாலு நாள் பிரைமாகுயினும் தருவார்கள். மூன்றாவது நாளே காய்ச்சல் விட்டுவிடும். உடம்பு லேசாகிவிடும். வேலைக்குப் போகத் தொடங்குவோம். மீதி மாத்திரைகள் அலமாரியில் தூங்கும்.

ஆனால் வைவாக்ஸ் ஒட்டுண்ணியின் ஒரு பகுதி கல்லீரலுக்குள் சத்தமில்லாமல் உறங்கிக்கொண்டிருக்கும். வாரங்கள் கழித்தோ மாதங்கள் கழித்தோ விழித்து, மறுபடி ரத்தத்துக்குள் வரும். புதிதாக எந்தக் கொசுவும் கடிக்காமலேயே மீண்டும் காய்ச்சல் வரும். அந்த நேரத்தில் உங்களைக் கடிக்கும் கொசு, உங்கள் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கோ அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கல்லீரலில் உறங்கும் அந்த ஒட்டுண்ணியை அழிப்பதுதான் பிரைமாகுயினின் வேலை. அதனால்தான் பதினாலு நாள்.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கும் இந்த மாத்திரை தரக்கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் சிக்கல் வரலாம். மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் பதினாலு நாளும் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும். இதற்கும் போன் அலாரம் உதவும்.

ஒரு வேண்டுகோள்

நம் ஊரில் கட்டடம் கட்டும் தொழிலாளர்கள் பலர், மலேரியா இன்னும் அதிகம் இருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் இருந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் சிலர் ஊருக்கு அனுப்பிவிடப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் பயந்துபோய் அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல்தான் பரவும். அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மொழி தெரியாத ஊரில் சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுவதே பெரிய உதவி. ஒட்டுண்ணி எந்த ஊரில் இருந்து வந்தாலும், அது பரவுவதற்குத் தேவையான கொசுவை வளர்ப்பது நம் தொட்டிதான்.

யாரிடம் சொல்வது?

• மருத்துவ ஆலோசனைக்கு: 104

• சென்னை மாநகராட்சிப் பகுதியில் கொசுத் தொல்லை, தேங்கிய தண்ணீர் பற்றிப் புகார் செய்ய: 1913. 'நம்ம சென்னை' செயலியில் புகைப்படத்துடனும் பதியலாம்.

• மற்ற ஊர்களில் உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100.

புகார் செய்யும்போது இடத்தின் அடையாளம், தெருப் பெயர், முடிந்தால் ஒரு போட்டோ மூன்றையும் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். உங்கள் வீட்டுக்குக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் "எல்லாம் சுத்தமா இருக்கு" என்று வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். என்னைப் போல ஏமாந்துபோவீர்கள். மாடி வரை அழைத்துப் போங்கள். வெயிலில் பத்துப் படி ஏறி வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீரும் கொடுங்கள்.

2030-க்குள் மலேரியா இல்லாத நாடாக வேண்டும் என்பது இந்தியாவின் இலக்கு. அந்த இலக்கில் உங்கள் பங்கு, ஒரு மூடியும் ஒரு பத்து நிமிடமும்தான்.

சரி, படித்துவிட்டீர்கள். டார்ச்சை ஆன் செய்யுங்கள். மாடிக்குப் போய் வாருங்கள்.